‘சிப்பிப்பாறை கிராஸ்’ எப்படிப்பட்ட நாய்? மலையில் வளர்ப்போருக்கு ஓர் எளிய விளக்கம்

கொடைக்கானலிலும் அதைச் சுற்றியுள்ள பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற ஊர்களிலும், நீண்ட கால்களும் ஒட்டிய வயிறும் கூர்ந்த முகமும் கொண்ட நாய்களை வீட்டு வாசல்களில் காணலாம். என்ன நாய் என்று கேட்டால் ‘சிப்பிப்பாறை கிராஸ்’, ‘கிரேஹவுண்ட் கிராஸ்’, ‘வேட்டை நாய் ஜாதி’ என்று பதில் வரும். வத்தலக்குண்டு வழியாகச் சமவெளியிலிருந்து குட்டியாக மேலே வந்தவை உண்டு. மலையிலேயே நாட்டு நாயோடு கலந்து பிறந்தவையும் உண்டு.

இந்த நாய்களைப் பற்றிப் பொதுவாகப் பேசப்படுவதில் பெரும்பகுதி தவறானது. வேட்டை நாய் என்றால் மூர்க்கம் நிறைந்தது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள் சிலர். கலப்பினம் என்பதால் நோயே அண்டாது என்பவர்களும், கலப்பினம் என்பதாலேயே எதற்கும் உதவாது என்பவர்களும் இருக்கிறார்கள். விலா எலும்பு தெரிகிறதே, சோறு போடுவதில்லையா என்று அண்டை வீட்டார் குறைபட்டுக்கொள்கிறார்கள். அன்பாகப் பழக்கினால் எந்த நாயும் கூப்பிட்டவுடன் திரும்பி வந்துவிடும் என்று நம்பி, காட்டோரப் பாதையில் சங்கிலியை அவிழ்த்துவிடும் வளர்ப்பாளர்களும் உண்டு. இந்தத் தவறான எண்ணங்களின் விலையை நாய்தான் கொடுக்கிறது: குளிரில் நடுங்கியபடி திண்ணையில் கிடக்கிறது, முள்கம்பியில் தோல் கிழிந்து வருகிறது, சில வேளைகளில் திரும்பி வராமலே போகிறது. ஆகவே, இப்படி ஒரு நாயை முதன்முறையாக வளர்க்கப் போகிறவர்களுக்காக, அதன் உடலும் இயல்பும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை அடிப்படையிலிருந்து இங்கே விளக்குகிறேன். அந்த அமைப்பு புரிந்துவிட்டால், பராமரிப்பு முறைகள் அதிலிருந்தே பிறக்கும். அவற்றைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எல்லா வேட்டை நாயும் ஒன்றல்ல

வேட்டைக்காக வளர்க்கப்பட்ட நாய்களில் ஒரு வகை மோப்பத்தை நம்பித் தடம் பிடிப்பது. பக்கத்து மலையான நீலகிரியில், ஆங்கிலேயர் காலத்தில் உதகை வேட்டைக் குழுவினர் குதிரையேறி, வென்லாக் புல்வெளிகளில் நரிகளைத் துரத்துவதற்காக வைத்திருந்த ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. அவை கூட்டமாக, குரல் எழுப்பிக்கொண்டே, மண்ணில் படிந்த வாசனையைப் பின்பற்றி நெடுநேரம் ஓடுபவை.

நாம் பேசப்போவது வேறொரு வகை. தொலைவில் அசையும் இரையைக் கண்ணால் கண்டு, இடைப்பட்ட தூரத்தை மிகுந்த வேகத்தில் கடந்து, ஓடிப் பிடிக்கும்படி பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட நாயைப் ‘பார்வை வேட்டைநாய்’ என்று அழைக்கலாம். உலகம் அறிந்த கிரேஹவுண்ட், சலூக்கி, ஆப்கன் ஹவுண்ட் ஆகியவையும், கர்நாடகத்தின் முதோள், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் ஆகியவையும் இந்த வகை. நம் கரிசல் சீமையின் சிப்பிப்பாறையும் கன்னியும் இதில் அடங்கும். மரமில்லாத திறந்த வெளியில் முயலைத் துரத்துவதற்கு இந்த உடல் மிகப் பொருத்தமானது.

ராஜபாளையத்தையும் கோம்பையையும் இவற்றோடு ஒரே கூடையில் போடுவது வழக்கம். ஆனால் ராஜபாளையம் எலும்பு கனத்த, காவல் குணம் மிகுந்த நாய். தேனி மாவட்டத்தின் மலையடிவார ஊரின் பெயரைத் தாங்கிய கோம்பையோ கட்டான உடலும் அகன்ற தாடையும் கொண்டது. ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபு வளங்கள் வாரியம் சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் தனித்தனி இனங்களாகவே பதிவு செய்திருக்கிறது. எனவே ‘வேட்டை நாய் கிராஸ்’ என்று சொல்லி ஒருவர் குட்டியைக் கொடுத்தால், எந்த வேட்டை நாய் என்று கேட்பது அவசியம். கோம்பைக் கலப்புக்கும் சிப்பிப்பாறைக் கலப்புக்கும் வளர்ப்பு முறை ஒன்றாகாது.

சுருக்கமாக, பார்வை வேட்டைநாய் என்பது கண்ணையும் வேகத்தையும் கொண்டு வேலை செய்த நாய். இதைத் தாய் வழியிலோ தந்தை வழியிலோ கொண்டு, வேறொரு நாயோடு கலந்து பிறந்ததே இந்தக் கட்டுரையின் நாயகன்.

கலப்பில் என்ன நடக்கிறது

கலப்பு என்றவுடன் பாலும் டிகாஷனும் சேர்ந்து காப்பியாவது போல, இரண்டு இனங்களின் குணங்களும் கரைந்து ஒரு நடுநிலை உருவாகும் என்று எண்ணுகிறோம். நடப்பது அதுவல்ல. நம் மலைத் தோட்டத்துப் பட்டர் பீன்ஸ் விதையையும் சிவப்பு ராஜ்மா விதையையும் ஒரே சாக்கில் கொட்டிக் குலுக்கி, ஒரு கைப்பிடி அள்ளினால் என்ன கிடைக்கும்? ஒவ்வொரு விதையும் தன் நிறத்தோடு அப்படியேதான் இருக்கும். எந்த விதை எத்தனை வந்தது என்பதுதான் ஒவ்வொரு கைப்பிடிக்கும் மாறும். நாய்க்குட்டிகளும் அப்படித்தான்.

உடலின் ஒவ்வொரு பண்பையும் உருவாக்குவதற்கான குறிப்பு, உயிரணுவுக்குள் சிறு அலகுகளாக இருக்கிறது. அந்த அலகுக்கு மரபணு என்று பெயர். நாய்க்குட்டிக்கு ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மட்டுமே வெளியே தெரியும் பண்பை ‘ஒடுங்கு பண்பு’ என்பார்கள். நாய்களில் நீண்ட முடி அப்படிப்பட்ட ஒடுங்கு பண்பு.

மலையில் இதற்கு ஒரு நேரடிப் பயன் இருக்கிறது. சிப்பிப்பாறைக்குக் குளிர் தாங்காது என்பதால், அதைப் பொமரேனியன் போன்ற சடை நாயோடு சேர்த்துவிட்டால் குட்டிகளுக்குச் சடை முடி வந்துவிடும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் குட்டை முடியோடு வந்த சிப்பிப்பாறையிடமிருந்து ஒவ்வொரு குட்டிக்கும் குட்டை முடியின் பிரதி ஒன்று கட்டாயம் வருகிறது. ஆகவே முதல் தலைமுறைக் குட்டிகள் அனைத்தும் குட்டை முடியோடுதான் பிறக்கும். அந்தக் குட்டிகள் வளர்ந்து தங்களுக்குள் சேரும்போதுதான், அடுத்த தலைமுறையில் சிலவற்றுக்கு நீண்ட முடி வெளிப்படும். அப்போதும் நீண்ட முடி வந்த குட்டிக்கு ஆழ்ந்த மார்பும் ஓட்ட வெறியும் வந்திருக்குமா என்பது தனிக் கேள்வி. முடியின் மரபணுவும் மற்றவையும் கைகோத்து வருவதில்லை.

இதனால்தான் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று கோழிகளின் நடுவே அமைதியாகப் படுத்திருக்க, மற்றொன்று பறக்கும் காகிதத்தைக் கண்டாலே பாய்கிறது. ‘பாதிச் சிப்பிப்பாறை’ என்பதால் துரத்தும் குணமும் பாதியாக இருக்கும் என்று கணக்குப் போடுவது தவறு. முழுதாகவும் வரலாம், வராமலும் போகலாம்.

நோய் பற்றிய நம்பிக்கையிலும் ஓரளவு உண்மை உண்டு. நெருங்கிய உறவுள்ள நாய்களையே மீண்டும் மீண்டும் சேர்த்தால், குறையுள்ள ஒடுங்கு மரபணுக்கள் இரண்டும் ஒரே குட்டியில் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. உறவில்லாத இரண்டு நாய்கள் சேரும்போது, ஒன்றின் குறையை மற்றொன்றின் நல்ல பிரதி மறைத்துவிடுகிறது. இப்படிக் கிடைக்கும் உடல்திடத்துக்குக் ‘கலப்பு வீரியம்’ என்று பெயர். ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்றாகாது; உடலின் வடிவத்தால் வரும் தொல்லைகளையும் அது நீக்காது. ஆழ்ந்த மார்பு வந்திருந்தால், ஆழ்ந்த மார்போடு வரும் ஆபத்தும் வந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

சுருக்கினால், கலப்பினக் குட்டியின் குணத்தை அதன் பெயரிலிருந்து ஊகிக்க முடியாது. எதிரில் நிற்கும் நாயைப் பார்த்துத்தான் அறிய முடியும். எது வந்திருக்கிறது என்று தெரியாத இடத்தில், பார்வை வேட்டைநாயின் பண்பே வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு கவனமாக நடப்பது நல்லது.

ஓட்டத்துக்காக அமைந்த உடலும் கண்ணும்

கிரேஹவுண்ட் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கக்கூடியது. 500 மீட்டர் பந்தயத்தை ஏறக்குறைய 30 விநாடியில் ஓடி முடித்துவிடும். இந்த வேகத்துக்குக் காரணம், ஒரே பாய்ச்சலில் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழுவதுதான். முதுகெலும்பு வளைந்து கால்கள் வயிற்றுக்குக் கீழே கூடும்போது ஒரு முறை, முதுகு நிமிர்ந்து கால்கள் முன்னும் பின்னும் நீளும்போது மற்றொரு முறை. இதை இரட்டை மிதப்புப் பாய்ச்சல் எனலாம். சிவிங்கிப்புலி எனப்படும் சீட்டாவும் இப்படியே ஓடுகிறது. இதற்குப் பெரிய இதயமும் நுரையீரலும் வேண்டும், அதனால் மார்பு ஆழமாக இருக்கிறது. முதுகு வளைய இடம் வேண்டும், அதனால் வயிறு ஒட்டியிருக்கிறது. சுமை குறைவாக இருக்க வேண்டும், அதனால் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு, தோலும் மெல்லியது.

எனவே, நல்ல உடல்நிலையில் உள்ள இத்தகைய நாயின் கடைசி விலா எலும்புகள் இரண்டு மூன்று இலேசாகத் தெரிவது இயல்பே. முதுகெலும்பின் முடிச்சுகள் துருத்திக்கொண்டிருந்தாலும், தொடைச் சதை வற்றியிருந்தாலும்தான் கவலைப்பட வேண்டும். ஊரார் பேச்சுக்குப் பயந்து சோற்றைக் கூட்டிப் பருமனாக்கினால், அந்த மெல்லிய கால்கள்தான் பாரத்தைச் சுமக்க நேரிடும்.

இந்த ஓட்டம் நீண்ட நேரத்துக்கானது அன்று. ஒரு நிமிடத்துக்குள் எல்லா ஆற்றலையும் கொட்டித் தீர்த்துவிட்டு, பிறகு நாளின் பெரும்பகுதியை உறங்கிக் கழிக்கும் உடல் அது. நாள் முழுவதும் ஓடவிட வேண்டும் என்பது தவறான எண்ணம். காலையும் மாலையும் கயிற்றில் நடை, வாரத்தில் சில நாள் நன்றாக வேலியடைத்த இடத்தில் சில நிமிட ஓட்டம், இவை பெரும்பாலான கலப்பின நாய்களுக்குப் போதும். வீட்டுக்குள் இவை பெரும்பாலும் அமைதியானவை. தேவையில்லாமல் குரைப்பதும் குறைவு. முழங்கை எலும்பின் மேல் சதை இல்லாததால், சிமெண்டுத் தரையில் படுத்தால் தோல் தடித்துப் புண்ணாகும். தடித்த மெத்தை இந்த நாய்க்கு ஆடம்பரம் இல்லை.

கண்ணைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பார்வை வேட்டைநாய்க்கு மனிதனைவிடக் கூர்மையான பார்வை என்று சொல்லப்படுகிறது. நுணுக்கமான விவரங்களைப் பார்ப்பதில் எந்த நாயும் நம்மை எட்டாது. நிறத்திலும் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும், சிவப்பையும் பச்சையையும் குழப்பிக்கொள்ளும். அதன் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணின் பின்புறத்தில் ஒளியை உணரும் மெல்லிய படலத்துக்கு விழித்திரை என்று பெயர். நம் விழித்திரையில் பார்வை கூர்மையாக உள்ள பகுதி நடுவில் ஒரு புள்ளியாக இருக்க, நீண்ட முகமுள்ள நாய்களில் அது கிடைமட்டமான ஒரு பட்டையாக நீள்கிறது. முகத்தின் அமைப்பாலும் கண்கள் சற்றுப் பக்கவாட்டில் இருப்பதாலும் ஏறக்குறைய 250 பாகை அளவுக்குச் சுற்றுப்புறம் தெரிகிறது. நமக்கு 180 பாகைதான். அடிவானத்தின் எந்த மூலையில் எது அசைந்தாலும் அந்தப் பட்டையில் பதிந்துவிடும். ஆகவே பச்சைப் புல்லில் அசையாமல் கிடக்கும் சிவப்புப் பந்தைத் தேடித் தடுமாறும் அதே நாய், எதிர்ச் சரிவில் ஓடும் முயலை நீங்கள் காணும் முன்பே கண்டுவிடுகிறது.

துரத்தும் உந்துதல்: சரியாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம்

இந்த நாயை வளர்ப்பதில் உள்ள மகிழ்ச்சியும் தொல்லையும் இங்கிருந்தே தொடங்குகின்றன. ஓநாய் இரை தேடும்போது சில செயல்கள் வரிசையாக நிகழ்கின்றன: உற்றுநோக்குகிறது, பதுங்கி நெருங்குகிறது, துரத்துகிறது, கவ்வுகிறது, கடித்துக் கொல்கிறது, கிழித்து உண்கிறது. இந்த வரிசையை ‘வேட்டைத் தொடர்’ என்று குறிப்பிடுவோம். மனிதன் நாய்களை வெவ்வேறு வேலைகளுக்குத் தேர்ந்தெடுத்தபோது, இந்தத் தொடரின் சில கண்ணிகளை வலுவாக்கி, சிலவற்றைத் தளர்த்தினான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியில் உற்றுநோக்கலும் பதுங்கலும் மிகுந்து, கடி அடங்கியிருக்கிறது. லாப்ரடாரில் மென்மையாகக் கவ்வி எடுத்துவரும் பகுதி வலுத்திருக்கிறது. பார்வை வேட்டைநாயில் உற்றுநோக்கலும் துரத்தலும் கவ்வுதலும் உச்சத்தில் இருக்கின்றன. சிப்பிப்பாறையும் லாப்ரடாரும் கலந்த நாயில் எந்தக் கண்ணி எவரிடமிருந்து வந்தது என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாது.

இதில் முக்கியமான செய்தி, துரத்துவது அந்த நாய்க்குத் தன்னளவிலேயே இன்பம் என்பதுதான். முயல் சிக்காவிட்டாலும் அது ஏமாற்றமடைவதில்லை; ஓடியதே அதற்குப் பரிசு. அதனால் அடித்தாலும், கையில் கோழிக்கறியை நீட்டினாலும், ஓடத் தொடங்கிய நாய் திரும்பாது. அந்த நேரத்தில் அதன் கவனம் முழுவதும் அசையும் ஒன்றின் மீது குவிந்திருக்கும். திரும்பி வந்த பிறகு அதை அடிப்பது கொடுமை. திரும்பி வந்ததற்காகவே அடி விழுந்தது என்று மட்டும் அது கற்றுக்கொள்ளும். இந்த நாய்கள் கடுமையான குரலுக்கே ஒடுங்கிப் போகும் மென்மையான மனம் கொண்டவை என்பதால், அந்தப் பாடம் ஆழமாகப் பதிந்துவிடும்.

அதேபோல, துரத்துவதும் கோபமும் வெவ்வேறு. பயத்தாலோ சினத்தாலோ கடிக்கும் நாயின் உறுமலும் பல்லிளிப்பும் இந்தத் தொடரில் இல்லை. முயலைக் கண்டால் பாயும் நாய், மடியில் ஏறும் குழந்தையிடம் மிகுந்த பொறுமையோடு இருப்பது இயல்பு. ஆயினும், வேகமாக ஓடும் மிகச் சிறு நாயும் பூனையும் அதன் கண்ணுக்கு இரையாகத் தோன்றக்கூடும். வீட்டுக்குள் ஒன்றாக உறங்கும் பூனையையே வெளியே ஓடும்போது துரத்துவதும் உண்டு. உறங்கும்போது திடீரென்று தொட்டால் திடுக்கிட்டு எழும் பழக்கமும் இவற்றிடம் காணப்படுவதால், படுத்திருக்கும் நாயைப் பெயர் சொல்லி அழைத்த பிறகே தொட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? தொடரின் நடுவில் தடுக்க முடியாது. முதல் கண்ணியிலேயே தலையிட வேண்டும். நடக்கும் நாய் சட்டென்று நின்று, காது நிமிர்ந்து, உடல் இறுகி, ஒரே திசையை வெறித்தால், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஓரிரு விநாடி. அப்போதே பெயர் சொல்லித் திசை திருப்பி, உங்களைப் பார்த்தவுடன் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, எதிர்ப்பக்கம் நடந்துவிட வேண்டும். இதை நாள்தோறும் செய்தால், உற்றுநோக்கியதும் உங்களைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் மெல்ல மெல்ல உருவாகும். விசில் ஒலிக்குத் திரும்பி வருவதை வீட்டுக்குள்ளும் வேலிக்குள்ளும் பழக்குங்கள். ஆனால் அந்தப் பழக்கம் ஓடும் கடமானுக்கு முன்னால் தாக்குப்பிடிக்கும் என்று ஒருபோதும் நம்பிவிடாதீர்கள். இயல்பான உந்துதலுக்கு ஒரு வடிகாலும் தேவை. நீண்ட கம்பின் நுனியில் கயிறு கட்டி, அதில் துணியைத் தொங்கவிட்டுத் தரையோடு இழுத்துக் காட்டினால், முற்றத்திலேயே சில நிமிடம் துரத்திக் களைத்து நிறைவடைந்துவிடும்.

குட்டியாக இருக்கும்போது கோழிகளைக் கண்டுகொள்ளவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இந்த உந்துதல் பெரும்பாலும் 6 மாதத்துக்குப் பிறகு வலுப்பெறத் தொடங்குகிறது. ஒன்றரை வயது வரை பொறுத்துப் பார்த்த பிறகே, உங்கள் நாய் எப்படிப்பட்டது என்று ஓரளவு சொல்ல முடியும்.

மலைக்குளிர்

கரிசல் காட்டு வெயிலுக்கு ஏற்ற உடலை ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு வந்திருக்கிறோம். டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் மேல் மலையின் புல்வெளிகளில் உறைபனி படியும். கொழுப்பும் அடர்ந்த உள்முடியும் இல்லாத, எடைக்கு மீறிய நீளமுள்ள உடல், வெப்பத்தை மிக விரைவாக இழக்கிறது. நாட்டு நாய் திண்ணையில் சுருண்டு படுத்துக் கழிக்கும் இரவை இந்த நாயால் அப்படிக் கழிக்க முடியாது. கட்டாயம் வீட்டுக்குள் உறங்க வேண்டும். தரையிலிருந்து சற்று உயர்த்திய பலகை, அதன் மேல் மெத்தை, போர்த்திக்கொள்ளக் கம்பளி ஆகியவை வேண்டும். வெளியே போகும்போது மார்பையும் வயிற்றையும் மூடும் கம்பளிச் சட்டை போடலாம். சட்டை நனைந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். ஈரக் கம்பளியைச் சுமந்து திரிவது, சட்டை இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாயைத் துவட்டாமல் விடக் கூடாது.

நடுக்கம், முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்தல், நடக்க மறுத்தல் ஆகியவை குளிர் மிஞ்சியதன் அடையாளங்கள். நடுக்கம் நின்று நாய் சோர்ந்து துவண்டால், உடலின் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது. போர்வையில் சுற்றி உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இன்னொன்றையும் வலியுறுத்துகிறேன். கரி மூட்டிய கணப்பை மூடிய அறையில் வைத்து, உள்ளே நாயைப் படுக்கவைக்காதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நாயையும் மனிதரையும் உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

தாண்டிக்குடி போன்ற கீழ் மலைக் காப்பித் தோட்டப் பகுதிகளில் குளிர் இவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனால் அங்கே உண்ணியும் அட்டையும் அதிகம்.

காட்டோரத்தில் இந்த நாய்

பழனி மலையின் பெரும்பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊருக்கும் காட்டுக்கும் இடையே பல இடங்களில் ஒரு வேலிகூடக் கிடையாது. கடமான், கேளையாடு, முயல் எல்லாம் தோட்ட ஓரத்துக்கு வருகின்றன; காட்டு மாடுகள் நகரத்துத் தெருக்களிலேயே நடமாடுகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் துரத்துவதற்கென்றே பிறந்த நாயை அவிழ்த்துவிடுவது, அந்த நாய்க்கும் காட்டுக்கும் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை தடைசெய்யப்பட்டுள்ளது. கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்லாமல், நாயை விட்டுத் துரத்துவதும் அதற்கு முயல்வதும் அந்தத் தடையில் அடங்கும். “நாய் தானாகப் போய்ப் பிடித்தது” என்று சொல்லித் தப்பிக்க நினைப்பவர், அந்த நாயை அவிழ்த்துவிட்டவர் யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஆடுகளையும் முயல்களையும் வளர்க்கிறது. அந்தப் பகுதியில் வீடுகளிலும் கால்நடைகள் உண்டு. கயிறு அறுத்துக்கொண்டு ஓடிய நாய் ஒரே ஓட்டத்தில் ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் குலைத்துவிடக்கூடும்.

நாய்க்கும் ஆபத்து குறைவில்லை. காட்டு மாட்டைச் சீண்டிய நாய், அது திருப்பித் துரத்தியதும் நேராக உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே அந்த மாடும் வரும். சிறுத்தைக்கு நாய் எளிதில் கிடைக்கும் இரை. எனவே பொழுது சாய்ந்த பிறகு வெளியே கட்டிப்போடுவது கூடாது. நம் நாய்களிடமிருந்து காட்டுக்குப் பரவும் நோய்களும் உண்டு. கேனைன் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் 2018இல் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களைத் தாக்கிப் பல இறந்தன. பழனி மலைச் செந்நாய்களும் அந்த நோய்க்கு ஆளாகக்கூடியவையே. நம் நாய்க்குத் தடுப்பூசி போடுவது காட்டுக்கும் செய்யும் பாதுகாப்பு.

நடைமுறையில் மூன்று ஏற்பாடுகள் போதும். முதலாவது, ஆறடி உயர வேலி. அது முள்கம்பியாக இல்லாமல் வலையாக இருக்க வேண்டும், ஏனெனில் முழு வேகத்தில் முள்கம்பியில் மோதினால் மெல்லிய தோல் சாணளவு கிழிந்துவிடும். இரண்டாவது, கழுத்துப் பட்டை. இந்த நாய்களின் தலை கழுத்தைவிட ஒடுங்கியிருப்பதால், சாதாரணப் பட்டையிலிருந்து பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். இழுத்தால் அளவோடு இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டையோ, மார்பையும் வயிற்றையும் சுற்றிய சேணப்பட்டையோ வாங்குங்கள். மூன்றாவது, நீண்ட கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் சேணப்பட்டையில் மட்டும் கட்டுவது. 10 மீட்டர் ஓடி வேகமெடுத்த பிறகு கழுத்தில் வெட்டி இழுத்தால் கழுத்தெலும்பு சேதமாகும்.

உணவில் சில கவனங்கள்

இந்த நாய்க்குப் புரதம் வேண்டும். பாலும் சோறுமே உணவாகக் கொடுப்பது நம்மிடையே உள்ள வழக்கம். தசையை நம்பி வாழும் உடலுக்கு அது போதாது. முட்டை, கோழி, மீன், வேகவைத்த காய்கறி ஆகியவற்றோடு அளவான சோறு சேரலாம்.

மார்பு ஆழமான நாய்களுக்கு வரும் ஒரு பெரிய ஆபத்தை ஒவ்வொரு வளர்ப்பாளரும் அறிந்திருக்க வேண்டும். இரைப்பையில் காற்று நிறைந்து உப்பி, அது தன் அச்சில் திருகிக்கொண்டு இரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். இதை வயிற்று முறுக்கம் எனலாம். வயிறு உப்புதல், வாந்தி வராமலே ஓங்கரித்தல், எச்சில் ஒழுகுதல், நிலைகொள்ளாமல் நடத்தல் ஆகியவை அறிகுறிகள். சில மணி நேரத்தில் உயிர் போகும் என்பதால், காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஒரே வேளையில் நிறையப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு ஓட விடாமல் இருப்பதும் ஆபத்தைக் குறைக்கும்.

கொடைக்கானலுக்கே உரிய இரண்டு பொருள்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மலைப்பூண்டு நமக்கு மருந்து. நாய்க்கோ பூண்டும் வெங்காயமும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. உண்ணி போகும், பூச்சி போகும் என்று பூண்டை அரைத்துக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். கடைக்குக் கடை விற்கும் வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட்டில் உள்ள தியோபுரோமைன் நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்குகிறது. கறுப்புச் சாக்லேட்டில் அது மிகுதி. சுற்றுலா வந்தவர்கள் அன்பாக நீட்டினாலும் வாங்கித் தின்ன விடாதீர்கள். திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

வெறிநோய்த் தடுப்பூசியை 3 மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் கால அளவில் தொடர வேண்டும். நீலகிரியின் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது இந்த நோய்க்கான சிகிச்சைக்காகவே. அறிகுறி தோன்றிவிட்டால் வெறிநோயிலிருந்து மீட்பு அரிது என்பது அன்றும் இன்றும் மாறவில்லை. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகள் 6 முதல் 8 வார வயதில் தொடங்கும். நடை முடிந்து வந்ததும் காது மடல், விரலிடுக்கு, அக்குள் ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குட்டை முடி என்பதால் கண்டுபிடிப்பது எளிது. உண்ணி கடித்த பிறகு காய்ச்சலும் சோர்வும் ஈறு வெளுத்தலும் கண்டால் இரத்தப் பரிசோதனை தேவை.

கருத்தடை போன்ற அறுவைச் சிகிச்சைக்கு நாயைக் கொண்டுபோகும்போது, அதன் பார்வை வேட்டைநாய்க் கலப்பை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகளைக் கிரேஹவுண்டின் ஈரல் மெதுவாகவே சிதைக்கிறது. மருந்தை உள்வாங்கித் தணிக்க உடலில் கொழுப்பும் போதவில்லை. இதனால் மற்ற நாய்கள் எழுந்து நடக்கும் நேரத்திலும் இது மயங்கியே கிடக்கும். உங்கள் நாய்க்கு இந்தப் பண்பு வந்திருக்கிறதா என்பதை வெளித்தோற்றம் காட்டாது. நாட்டு நாயின் முகத்தோடு கிரேஹவுண்டின் ஈரலும் வந்திருக்கலாம். மருத்துவர் முன்பே அறிந்தால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். அறுவைக்குப் பிறகு உடல் குளிர்ந்துவிடாமல் சூடாக வைக்கவும் ஏற்பாடு செய்வார். தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே, பெயருக்குக் கீழே, தாய் தந்தையின் இனம் தெரிந்தவரை எழுதி, அண்மையில் எடுத்த எடையையும் குறித்து வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேறொருவர் நாயைத் தூக்கிக்கொண்டு ஓட நேர்ந்தாலும், மருத்துவர் அந்த அட்டையைப் பார்த்தே முடிவெடுக்க முடியும்.